பஸ் நிற்காத இடத்தில் படத் திருவிழா

ஜூன் 11, ஞாயிறு

கலைக்கூடல் செயற்குழுக் கூட்டம், தலைவர் வேலாயுதராஜின் பெயிண்ட் கடை மாடியில். ஏழு பேர் மூன்று மணி நேரம் பேசினோம். பேசியது ஒரே விஷயம்தான்: இந்த வருடம் ஓவியத் திருவிழாவை எங்கே நடத்துவது?

ஆறு வருடமாகச் சந்தைத் திடலில்தான் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டை ஒட்டின இடம். தை மாதத்தில் மூன்று நாள். கோவில்பட்டி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், விருதுநகர் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் கையில் பையோடு உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். படத்தின் மேல் சாய்ந்து நின்று போன் பேசுகிறவர்களும் உண்டு. போன தடவை ஓர் ஆடு ஒரு நீர்வண்ணப் படத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டது. வேலாயுதராஜுக்கு அது இன்னும் ஆறவில்லை.

“அது கூட்டமே இல்ல மேடம். பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டம். தரமான ஆளுக வரணும்னா தரமான எடம் வேணும்” என்றார்.

தரமான இடமும் அவரிடமே தயாராக இருந்தது. அவர் மச்சினன் பைபாஸில் புதிதாகக் கட்டியிருக்கும் வர்ஷினி மஹால். குளிர்சாதன வசதி. நமக்கு இலவசம். ஒரே நிபந்தனை, ஆடி மாதம்தான் தருவார். மற்ற மாதமெல்லாம் கல்யாணம். இந்த வருடம் தையில் திடலில் மண் கொட்டிக் கிடந்ததால் விழாவைத் தள்ளிப் போட்டிருந்தோம். அதையும் சாதகமாக்கிக்கொண்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். மஹாலுக்கு நான்கு, திடலுக்கு மூன்று. ஆடி மாதம், கல்யாண மண்டபத்தில், ஊருக்கு வெளியே ஓவியக் கண்காட்சி! யாரிடம் போய்ச் சொல்வது? வேலையெல்லாம் கடைசியில் செயலாளர் தலையில்தான் விழும். செயலாளர் நான்.

ஜூன் 13, செவ்வாய்

இந்த நோட்டை என் வீட்டுக்காரர் படிக்கிறார். நேற்று எழுதாமல் விட்டதற்கு இன்று காலை காரணம் கேட்டார். தமிழாசிரியரைக் கட்டிக்கொண்டால் இதுதான், ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் ஒற்று போட்டிருக்கிறார்.

ஜூன் 25, ஞாயிறு

மஹாலைப் பார்க்கப் போனேன். டவுன் பஸ் மேம்பாலத்துக்கு அடியிலேயே திரும்பிவிடுகிறது. அங்கே இறங்கி, சர்வீஸ் ரோட்டில் முக்கால் கிலோமீட்டர் நடந்து, நாலுவழிச் சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். நான் கடப்பதற்குள் பதினான்கு லாரி போனது.

உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவரெல்லாம் வெள்ளை. படம் மாட்டினால் எடுப்பாகத் தெரியும். வாசலில் மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூடி வைக்கலாமா என்று கேட்டேன். மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது.

காவலாளி பெயர் சூசை. நான் கேட்டைத் தாண்டியதும், “பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்றார். போஸ்டாபீஸ் என்றேன், நான் வேலை பார்க்கிற இடத்தை.

ஜூலை 5, புதன்

படங்களின் பட்டியல் முடிந்தது. மொத்தம் நாற்பத்தொரு படம். வழக்கம்போல ஒன்பது விநாயகர், ஐந்து மயில், வைப்பாற்றில் சூரியன் மறைவது நான்கு. நம் ஊர் வைப்பாற்றில் தண்ணீர் ஓடுவதை இந்த நான்கு பேரும் எப்போது பார்த்தார்களோ தெரியவில்லை.

புதிதாக ஒருவர் பதினோரு படம் அனுப்பியிருக்கிறார். பெயர் ம. அரசு. மதுரைக்காரர். எல்லாமே பஸ் ஸ்டாண்டு ஆட்கள். பூக்கட்டுகிறவர், கண்டக்டர், சுமை தூக்குகிறவர், வெள்ளரிக்காய் விற்கிறவர். படங்கள் பரவாயில்லை. அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தபாலில்தான் தொடர்பு.

இன்று சாம்பாரில் உப்பு இல்லை. ஆபீசில் ஆதார் திருத்தத்துக்கு ஐம்பது பேர் நின்றார்கள்.

ஜூலை 6, வியாழன்

நேற்றைய பக்கத்தில் ‘ம. அரசு’ என்ற பெயரில் கடைசி எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘எழுத்துப்பிழை?’ என்று எழுதியிருக்கிறார். பிழை எதுவும் இல்லை என்று கீழேயே எழுதி வைத்திருக்கிறேன். என்னை ஊரில் யாரும் மங்கையர்க்கரசி என்று முழுதாகக் கூப்பிடுவதில்லை என்பதும் இதற்குச் சம்பந்தம் இல்லாதது.

ஜூலை 16, ஞாயிறு

பேனருக்கும் ஆட்டோ விளம்பரத்துக்கும் வாசகம் எழுதிக்கொடுத்தேன். ‘ஏழாம் ஆண்டு ஓவியக் கண்காட்சி’ என்று எழுதினேன். வேலாயுதராஜ் ‘ஓவிய’ என்பதை அடித்துவிட்டார்.

“ஓவியம்னா நம்ம பயக ஓடிருவான் மேடம். வெறுமனே கண்காட்சின்னு போடுவோம். என்னமோ ஏதோன்னு வருவான்ல?”

“ஆறு வருசமா ஓவியம்னு போட்டுத்தான சார் வந்தாங்க?”

“அது பஸ்ஸுக்கு நின்னவன் வந்தது.”

அதற்கு மேல் பேசினால் ரத்தக்கொதிப்பு ஏறும். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

ஜூலை 22, சனி

பஸ் ஸ்டாண்டைப் பார்த்த எங்கள் ஆபீஸ் மாடி ஜன்னலுக்குக் கீழே பேச்சியக்கா வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். மேலே பார்த்துச் சிரித்தார். பதிலுக்குச் சிரிக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டேன், காற்று அதிகம்.

ஜூலை 27, வியாழன்

நாள் முழுவதும் படம் மாட்டினோம். புதுச்சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று மச்சினன் சொல்லிவிட்டார். மணவறைக்கு அலங்காரம் கட்டும் இரும்புச் சட்டங்களில் கட்டித் தொங்கவிட்டோம். மணவறை மேடையில் ஒன்பது விநாயகரும் வரிசையாக அமர்ந்துவிட்டார்கள்.

ம. அரசுவின் படங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் மாட்டச் சொன்னேன். வேலாயுதராஜ், “இதுகதான் மேடம் இருக்கிறதுலயே உருப்படி. முன்னாடி வைப்போம்” என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். வெயிலில் கண் கூசும் என்றேன். குளிர்சாதன மண்டபத்துக்குள் என்ன வெயில் என்று அவர் திரும்பக் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

ஜூலை 28, வெள்ளி

முதல் நாள். ஆபீசுக்கு நேற்றிலிருந்து மூன்று நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். நாற்பத்தொரு படத்தையும் பார்க்க இன்று வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் செயற்குழு, நான்கு பேர் மச்சினன் குடும்பம்.

ஆடி வெள்ளி என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. ஏழு பேர் மூன்று மணி நேரம் பேசினோமே, ஒருவருக்காவது? ஊரே மாரியம்மன் கோயிலில் கூழுக்கு நிற்கிறது. அங்கே போகாத சிலர் மண்டபத்தின் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அழைப்பில்லாத மண்டபத்துக்குள் எப்படி நுழைவது என்கிற தயக்கம். நானும் நுழையமாட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு பையனும் பெண்ணும் பைக்கில் வந்தார்கள். தோளில் ஓவியத்தாள் பை. ஓவியம் படிக்கிறவர்கள் போல. எனக்கு அப்படியொரு சந்தோஷம். வரவேற்கப் படியிறங்கி ஓடினேன். அதற்குள் சூசை கேட்டுவிட்டார்: “வாங்க வாங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” அந்தப் பெண் முகம் சிவந்து போய்ப் பைக்கில் ஏறிக்கொண்டது. பையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

சூசையிடம் கத்தினேன். “ஆடி மாசத்துல ஏதுய்யா கல்யாணம்?”

“வாய் பழகிருச்சும்மா” என்றார்.

மாலையில் மூன்று கார் வந்தது. வேலாயுதராஜ் எதிர்பார்த்த தரமான ஆட்கள். “ஏசி நல்லா இருக்கே”, “நம்ம பொண்ணு வளைகாப்பை இங்கேயே வச்சிரலாம் போல” என்றார்கள். யானைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பார்க்கிங் வசதியைப் பாராட்டி வருகைப் பதிவேட்டில் நான்கு வரி எழுதினார்.

அவர்கள் போனதும் வேலாயுதராஜிடம் பிடித்துக்கொண்டேன். திடலை விட்டு வந்ததுதான் தப்பு, நான் அன்றைக்கே நினைத்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“மேடம், மூணுக்கு மூணுன்னு நின்னுச்சு. கடைசியா கை தூக்கினது நீங்கதான?”

கை தூக்கியது உண்மைதான். அன்றைக்கு நேரமாகிவிட்டது, யாராவது ஒரு பக்கம் தூக்கினால்தான் கூட்டம் முடியும் என்றிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சிவப்பு மை எதுவும் போடவேண்டாம். இது பொய்தான்.

ஜூலை 29, சனி

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. உண்மையான கூட்டம். ஷேர் ஆட்டோவில் பத்துப் பத்துப் பேராக வந்து இறங்கினார்கள். வேலாயுதராஜ் எனக்குக் கை கொடுத்தார். “பாத்தீங்களா மேடம்?”

முதலில் நுழைந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: “நைட்டியெல்லாம் எங்க போட்டிருக்கீங்க?”

விஷயம் இதுதான். ஆடி மாதம் மண்டபத்தில் ‘கண்காட்சி’ என்றால் ஊருக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு, தள்ளுபடி விற்பனை. போதாக்குறைக்கு ஆட்டோவில் மைக் பிடித்தவர் வருடம் முழுவதும் ஜவுளிக்கு விளம்பரம் செய்கிறவர். நான் எழுதிக் கொடுத்ததோடு விடாமல், ‘மூன்றே நாட்கள்! குடும்பத்தோடு வாரீர்! அள்ளிச் செல்வீர்!’ என்று சொந்தமாகச் சேர்த்திருக்கிறார்.

“படந்தானா?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். “ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீயா?” என்று ஒருவர் மயிலைக் காட்டிக் கேட்டார். ஒரு பாட்டி எதையும் கேட்காமல் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இலைக்காகக் காத்திருந்தார். நான் ஓடி ஓடி மன்னிப்புக் கேட்டேன். திட்டினார்கள். ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

அந்தக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து பெண்கள் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். அவர்களில் பேச்சியக்காவும் இருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஐம்பது வயதை நெருங்குகிற அரசு ஊழியர் நான், தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

நைட்டியைத் தேடிக்கொண்டு பேச்சியக்கா சாப்பாட்டுக் கூடத்து வழியில் திரும்பினார். அங்கே நின்றுவிட்டார்.

அந்தப் படத்தைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. நடுப்பகல். பஸ் ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்து பேச்சியக்கா தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பக்கத்தில் கூடை, ஈரச்சாக்கு, வெள்ளரிப் பிஞ்சு. இரண்டு காலும் நம்மை நோக்கி நீட்டியிருக்கிறது. பித்தவெடிப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தேன். அந்தக் கால்களுக்கு மட்டும் ஒன்றரை மாதம் ஆனது. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். ஆம், நான்தான் வரைந்தேன். ம. அரசு என்று யாரும் இல்லை. இந்த நோட்டைப் படிக்கிறவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, இனி யாரிடம் மறைக்க?

“ஏ, இது நீதான பேச்சி?” என்றாள் கூட வந்த பூக்காரி.

பேச்சியக்கா படத்துக்குக் கிட்டே போனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு யாருக்கோ கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“தூணு இங்கிட்டு இருக்கு. கூடை அங்கிட்டு இருக்கு. எதுத்தாப்புல நின்னு பாத்தா இப்பிடித் தெரியாது. மேல இருந்து பாத்தாத்தான் தெரியும். போஸ்டாபீஸ் ஜன்னல்ல இருந்து.”

திரும்பினார். தூண் என்னை மறைக்கவில்லை.

“நீயா தாயி?”

“ஆமாக்கா.”

“எங்கிட்ட கேக்கவே இல்லயே.”

“இல்லக்கா. தப்புத்தான்.”

பேச்சியக்கா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டுல கெடக்கவ படத்த எதுக்குத்தா இம்புட்டுத் தூரம் கொண்டாந்து மாட்டிருக்க? இங்க என்னயத் தெரிஞ்சவுக ஆரு இருக்கா?”

“அதுக்குத்தான்க்கா” என்றேன்.

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. படங்களை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் படத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடக்கூடாது. திடலில் வைத்தால் முதல் நிமிஷமே பார்த்துவிடுவார்கள். அதனால்தான் பஸ் நிற்காத இடத்துக்குக் கை தூக்கினேன். இதை இரண்டு மாதமாக என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

பேச்சியக்கா கேட்டார்: “நீ வெக்கப்பட்டியா? இல்ல, நான் வெக்கப்படுவேன்னு நெனச்சியா?”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போனார். வந்த ஆட்டோ கிளம்பிவிட்டிருந்தது. மற்ற நான்கு பேரோடும் சர்வீஸ் ரோட்டில் நடந்து, லாரிகள் நிற்காத அந்தச் சாலையை அவர் கடந்து போனதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது.

பிற்பகலில் வேலாயுதராஜிடம் சொன்னேன், அந்தப் பதினோரு படத்தையும் கழற்றிச் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோகிறேன் என்று.

“ஆடிக்காத்து அடிக்கி மேடம். ஆடு வேற. அதோட அந்த ம. அரசு சம்மதிக்கணும்ல?”

“சம்மதிச்சாச்சு சார்.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பெயிண்ட் கடைக்காரர். என் முழங்கையில் இருந்த காவி நிறத் தீற்றலையும் பார்த்தார்.

“நம்ம கடையில வாங்கினதுதானா?” என்றார். பிறகு, “கொண்டு போங்க” என்றார்.

ஜூலை 30, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் குட்டியானை சரக்கு வண்டி பேசிக்கொண்டு வந்துவிட்டார். சந்தைத் திடலின் கம்பி வேலி பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் நான்கு மூலையிலும் சணலால் கட்டினோம். காற்று தூக்கத் தூக்க அவர் இலக்கணம் மாதிரி இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டார். ‘ஓவியம்’ என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். அடியில் என் பெயரை முழுதாக எழுதினேன். ஒற்றுப் பிழை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பேச்சியக்கா எட்டு மணிக்குக் கூடையோடு வந்தார். வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூணடியில் சாக்கை விரித்து, வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்தான். கண்டக்டர் முனியராஜ் தன் படத்துக்கு முன்னால் நின்று, பையை இந்தத் தோளில் தான் மாட்டுவதே இல்லை என்று சண்டை போட்டார். மாட்டியிருந்தார். பூக்காரி ஊரிலிருக்கும் மகளுக்குக் காட்டத் தன் படத்தைப் போனில் எடுத்து அனுப்பச் சொன்னாள். ஒரு கிழவர் சுமை தூக்குகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இவன் எனக்கு நாலு மூட்டை பாக்கி வச்சிருக்கான்” என்றார். சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றும் இரண்டு பேர் ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடமாக விநாயகர்களை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

பேச்சியக்கா படத்தைப் பார்க்கிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் தூணடியைப் பார்ப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் போய் வெள்ளரிக்காய் வாங்கினார்கள். அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அரிவதும் உப்பு மிளகாய்ப்பொடி தூவுவதுமாகவே இருந்தார். மத்தியானம் நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் போய்த் தயிர்ச்சாதம் கொண்டுவந்தார், இறங்கவில்லை.

நான்கு மணி இருக்கும். பேச்சியக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏத்தா, இங்க வா. இங்கன உக்காரு. கூடையப் பாத்துக்க.”

உட்கார்ந்தேன். தரை சுட்டது. நிமிர்ந்தால் எங்கள் ஆபீஸ் ஜன்னல் தெரிந்தது. இங்கிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான்.

பேச்சியக்கா பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு போய்த் தன் படத்துக்கு முன்னால் நின்றார். ஒரு பஸ் வந்தது, அங்கே நின்றவர்கள் போனார்கள். வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் நகரவில்லை. என்னிடம் ஒருவர் வெள்ளரிக்காய் கேட்டார். அரியத் தெரியாமல் கோணலாக அரிந்துகொடுத்தேன், மிளகாய்ப்பொடி கூடிவிட்டது, அவர் முறைத்தார். நான் பேச்சியக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்துப் போடச் சொன்னால் கிழித்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாகக் கிழித்திருப்பேன்.

திரும்பி வந்தார். என் முன்னால் நின்றார்.

“அன்னைக்கு எம்புட்டு நேரம் தூங்கினேன்?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்க்கா.”

“நீ அம்புட்டு நேரமும் ஜன்னல்லயா நின்ன?”

“ஆமாக்கா.”

“காலைல மூணு மணிக்கு எந்திரிச்சவ. கண்ண முழிச்சதும் பதறிப்போச்சு. கூடைய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருப்பான்னு பாத்தா, வச்சது வச்சபடி இருக்கு. எப்பிடிரா இதுன்னு நெனச்சேன்.” மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். “நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க.”

நான் அழுதேன். பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் பார்க்க, கத்தியும் கையுமாக உட்கார்ந்து அழுதேன்.

“சரி சரி, எந்திரி” என்றார் பேச்சியக்கா. “இது என் எடம்.”